கொப்பி எடுக்கலாமா, ஒன்லைனில் போடலாமா? நூலகமும் பதிப்புரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நூலகத்தில் வேலை செய்பவர்களிடம் வாசகர்களும் ஆசிரியர்களும் கம்பஸ் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்களுக்கு அடிப்படை இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். வேறு நாட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். வழக்கு, நோட்டீஸ் என்று வந்தால் இதைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் சட்டத்தரணியிடம் போங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் எங்கள் நூலகங்களுக்குக் கொடுத்திருக்கும் இடத்தில் பாதியைக்கூட நாங்கள் பயன்படுத்துவதில்லை. "பதிப்புரிமைப் பிரச்சினை வரும்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும், அலுமாரி பூட்டியபடியே கிடக்கும்.

திறந்த அணுக்கம் என்றால் இலவசமாக வாசிக்கலாம் என்பதுதானே?

அது பாதி. 2002 பெப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம்தான் இந்தச் சொல்லுக்கு ஓர் உருவம் கொடுத்தது. ஆய்வுக் கட்டுரையை எவரும் காசில்லாமல் வாசிக்கலாம், தரவிறக்கலாம், பிரதி எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாசிக்க மட்டும் திறந்துவிட்டு மற்ற உரிமைகளைக் கையில் வைத்திருக்கும் பக்கங்களும் நிறைய உண்டு. ஆகவே கட்டுரையின் முதற் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ உரிமம் என்ன என்று பாருங்கள். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தவை. 'சிசி பை' என்று இருந்தால் பெயரைக் குறிப்பிட்டு எதற்கும் பயன்படுத்தலாம், மொழிபெயர்க்கலாம். 'என்சி' என்று ஒட்டியிருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது. 'என்டி' என்றால் மாற்றி வெளியிட முடியாது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். தமிழில் கொண்டுவர நினைப்பவர்கள் கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் வயலைப் பற்றிய கட்டுரையை வாசிக்க நாங்களே ஏன் காசு கட்ட வேண்டும்?

இதைக் கேட்டவர் ஒரு விவசாய அமைப்பின் செயலாளர். அறக்கொட்டியான் என்ற பூச்சி அடித்து வேளாண்மை காய்ந்துபோன போகத்தில், தங்கள் பக்கத்து வயல்களில் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தார். போனில் தேடி எடுத்துக் காட்டினார். தலைப்பு தெரிகிறது, சுருக்கம் தெரிகிறது, அதற்குக் கீழே விலை. இப்படிப்பட்ட தனிக் கட்டுரைக்குப் பெரிய வெளியீட்டு நிறுவனங்கள் போடும் விலை பெரும்பாலும் 30 முதல் 40 அமெரிக்க டொலர். நம் காசில் பத்தாயிரம் ரூபாவை ஒட்டி வரும். "மண் நம்மட, பயிர் நம்மட, ஆய்வு செய்தவரும் நம்மட கம்பஸ் ஆள். காசு மட்டும் யாருக்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்தக் காசில் ஒரு சதமும் எழுதியவருக்குப் போவதில்லை. ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம், அதாவது பொதுமக்களின் வரி. கட்டுரையைச் சரிபார்க்கும் சக ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஊதியமில்லாமல்தான் பார்க்கிறார்கள். கட்டுரை ஏற்கப்பட்டதும் எழுதியவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். உரிமை சஞ்சிகைக்குப் போய்விடுகிறது. அப்புறம் அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் அதே கட்டுரையைச் சந்தா கட்டி வாங்குகிறது.

இந்தக் கணக்கு பணக்கார நாடுகளுக்கே கட்டுப்படியாகவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2019 இல் எல்செவியர் என்ற பெரிய சஞ்சிகை வெளியீட்டு நிறுவனத்துடனான சந்தா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. இரண்டு ஆண்டு கழித்து, தன் ஆய்வாளர்களின் கட்டுரைகள் திறந்தே வெளிவர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் திரும்பக் கையெழுத்திட்டது. இந்தியா வேறு வழியில் போனது. 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி இந்திய ரூபாயை ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகளை அரச உயர்கல்வி நிறுவனங்களுக்கெல்லாம் திறந்துவிட்டது. வாசிப்பவருக்கு நல்லதுதான். ஆனால் பூட்டு அப்படியேதான் இருக்கிறது, சாவிக்கு அரசாங்கம் வாடகை கட்டுகிறது என்பது என் அபிப்பிராயம்.

செயலாளரின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கட்டுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொன்னோம். சஞ்சிகையில் அச்சாகுமுன் இருந்த தன் கையெழுத்துப் படியை மறுநாளே அவர் அனுப்பிவைத்தார். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளையும் காட்டினோம். அது அங்கம் வகிக்கும் சிஜிஐஏஆர் என்ற சர்வதேச விவசாய ஆராய்ச்சிக் கூட்டமைப்பு 2013 இலேயே திறந்த அணுக்கக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. நெல்லைப் பற்றி அங்கே காசில்லாமல் கிடைப்பதை ஒரு போகம் முழுக்க வாசிக்கலாம்.

கம்பஸ் கணக்கு இல்லாதவர் எங்கே தேடுவது?

முதலில் கூகுள் ஸ்கொலர். தலைப்பைப் போட்டதும் வலப் பக்கத்தில் பிடிஎஃப் என்று தெரிந்தால் அது பெரும்பாலும் திறந்த பிரதி. 'அன்பேவோல்' என்ற சிறு நீட்சியை உலாவியில் போட்டுக்கொண்டால், பூட்டிய பக்கத்துக்குப் போகும்போது சட்டப்படி திறந்திருக்கும் பிரதி வேறெங்காவது இருக்கிறதா என்று அதுவே தேடிச் சொல்லும். திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் பட்டியலுக்கு டி.ஓ.ஏ.ஜே. இலங்கைச் சஞ்சிகைகளுக்கு, தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்'. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் மாநாட்டுக் கட்டுரைகள் ஏராளம். நம் பிரதேசத்து மொழி, வரலாறு, விவசாயம் பற்றித் தேடுபவர்கள் அங்கே ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

ஒன்றும் சரிவராவிட்டால் எழுதியவரிடமே கேளுங்கள். பெரும்பாலானோர் சந்தோஷமாகத் தருவார்கள். தங்கள் கட்டுரையை ஒருவர் கேட்டு எழுதுவது அவர்களுக்கு அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

இந்த விஷயத்தில் நூலகங்கள் உண்மையில் என்ன செய்கின்றன? பிரசாரம் மட்டுந்தானா?

பிரசாரமும் உண்டு, ஒக்டோபரில் திறந்த அணுக்க வாரம் என்று பதாகை கட்டுவதும் உண்டு. பதாகையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உருப்படியான வேலை வேறு இடத்தில் நடக்கிறது.

ஒன்று, களஞ்சியம். சஞ்சிகை அச்சிட்ட வடிவத்தை வெளியிட முடியாவிட்டாலும், ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப் படியைச் சொந்த நிறுவனத்தின் களஞ்சியத்தில் வைக்கப் பல சஞ்சிகைகள் அனுமதிக்கின்றன. எந்தச் சஞ்சிகை எதை அனுமதிக்கிறது, எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்பதைத் தேடிப் பார்த்து விரிவுரையாளருக்குச் சொல்வது நூலகரின் வேலை. விரிவுரையாளர்கள் சோம்பேறிகள் என்பதற்காக இல்லை, அந்த ஒப்பந்தத்தை அவர்கள் வாசிப்பதே இல்லை என்பதற்காக.

இன்னொன்று, சட்டத்தையே மாற்றுவது. நெதர்லாந்தில் 2015 இல் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் ஒரு பிரிவு வந்தது. பொதுப் பணத்தில் நடந்த ஆய்வின் கட்டுரையை, நியாயமான இடைவெளி விட்டு, எழுதியவர் இலவசமாக வெளியிடலாம். ஒப்பந்தத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும் அந்த உரிமை போகாது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஆறு மாதத்தை நியாயமான இடைவெளியாக எடுத்துக்கொண்டன. விரிவுரையாளர் சம்மதித்தால் போதும், மிச்ச வேலையை நூலகமே பார்க்கிறது. இலங்கைக்கும் இப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இரண்டு கையும் தூக்குவேன்.

உலக மட்டத்தில் பேசுவது இஃப்லா என்ற நூலகச் சம்மேளனமும் ஈ.ஐ.எஃப்.எல் என்ற அமைப்பும். 1927 இல் தொடங்கிய இஃப்லா உலகம் முழுவதற்குமானது. ஈ.ஐ.எஃப்.எல் வளர்முக நாட்டு நூலகங்களுக்காகவே வேலை செய்கிறது. வெளியீட்டாளர்களிடம் விலை பேசுவதும் சட்ட வரைவுகளைத் திருத்திக் கொடுப்பதும் அதன் தொழில். இரண்டும் ஜெனீவாவில் உலகப் புலமைச் சொத்து அமைப்பின் பதிப்புரிமைக் குழுவில் உட்கார்ந்து ஒன்றையே கேட்கின்றன: நூலகங்களுக்கான விலக்குகள், அதாவது உரிமையாளரைக் கேட்காமலே நூலகம் செய்யக்கூடியவை, எல்லா நாட்டிலும் குறைந்தபட்சம் இவ்வளவாவது இருக்க வேண்டும். உலகப் புலமைச் சொத்து அமைப்புக்காக 2015 இல் செய்யப்பட்ட ஆய்வில், பார்த்த 188 நாடுகளில் 32 நாடுகளின் சட்டத்தில் நூலகத்துக்கென்று ஒரு விலக்குமே இல்லை. அந்தக் கணக்கில் இலங்கை நல்ல பக்கத்தில் நிற்கிறது.

புத்தகம் முழுவதையும் போட்டோகொப்பி எடுக்கலாமா?

"சேர், இதை முழுசா அடிச்சுத் தாங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு: கடையில் கிடைக்கும் புத்தகம் என்றால் முடியாது. சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் ஒரு புத்தகத்தை முழுதாகவோ கணிசமான பகுதியாகவோ போட்டோகொப்பி எடுப்பதை அதிலிருந்து வெளியே வைத்திருக்கிறது.

நூலகத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. இலாப நோக்கில்லாத நூலகம், வாசகர் ஒருவர் படிப்புக்கோ ஆய்வுக்கோ கேட்டால், ஒரு கட்டுரையை அல்லது ஒரு நூலின் சிறு பகுதியை உரிமையாளரைக் கேட்காமலே ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கலாம். அதையே வாடிக்கையாகச் செய்யக் கூடாது. தனித்தனிச் சந்தர்ப்பமாக இருக்க வேண்டும். இத்தனை பக்கம், இத்தனை வீதம் என்று சட்டத்தில் எண் கிடையாது. சுவரில் '10 வீதம் மட்டும்' என்று ஒட்டியிருக்கும் அறிவித்தல்கள் நூலகங்கள் தங்கள் வசதிக்குப் போட்டுக்கொண்ட அளவு.

இதற்கும் மேலே நியாயமான பயன்பாடு என்ற பொதுப் பிரிவு இருக்கிறது. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கான பயன்பாடு நியாயமானதா என்பதை நான்கு விஷயம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்: எதற்காக எடுத்தீர்கள், எடுத்த படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் அந்தப் படைப்பின் சந்தை எவ்வளவு பாதிக்கப்படும். அமெரிக்கச் சட்டத்தின் சாயலில் அமைந்த இந்தப் பிரிவு எங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய வசதி. வகுப்புக்குப் பல பிரதி எடுப்பதுகூடக் கற்பித்தல் என்பதற்குள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எங்கள் நூலகர்கள் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

டியூசன் வகுப்புக்கு டியூட் (பாடக்குறிப்பு) அடிப்பது?

காசு வாங்கி நடத்தும் வகுப்புக்கு, கற்பித்தலுக்கான போட்டோகொப்பி விலக்கு பொருந்தாது. அது இலாப நோக்கில்லாத கல்வி நிறுவனத்துக்கு உரியது. இன்னொருவரின் புத்தகத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து, தன் பெயரையும் போன் நம்பரையும் மேலே போட்டு விற்பது நியாயமான பயன்பாட்டிலும் நிற்காது. அரசாங்கப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மாணவரை அங்கே அனுப்பினால் அடிக்கும் செலவும் மிச்சம்.

கம்பஸ் வாசலில் இருக்கும் போட்டோகொப்பிக் கடைக்கு வழக்கு வருமா?

டெல்லியில் வந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த ஒரு சிறிய கடைக்கு எதிராக, பாடத்திட்டப்படி பல நூல்களிலிருந்து அத்தியாயங்களைக் கட்டித் தொகுதியாக விற்றதற்காக, மூன்று பெரிய வெளியீட்டு நிறுவனங்கள் 2012 இல் வழக்குப் போட்டன. பல்கலைக்கழகமும் பிரதிவாதி. 2016 செப்டெம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் கடைக்குச் சார்பாகத் தீர்த்தது. பதிப்புரிமை என்பது இயற்கையான உரிமையோ தெய்வீக உரிமையோ அல்ல என்று நீதிபதி எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் மேன்முறையீட்டு அமர்வு வழக்கை விரிவான விசாரணைக்குத் திருப்பியனுப்பியபோதும், கற்பித்தலின் தேவைக்கு உட்பட்ட பிரதி குற்றமல்ல என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டது. 2017 மார்ச்சில் நிறுவனங்களே வழக்கை விட்டுவிட்டன.

அது இந்தியச் சட்டத்தின் வாசகத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு. நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ முழுப் புத்தகத்தையும் அடித்துக் கட்டி விற்கும் கடை அந்தத் தீர்ப்பைக் காட்டித் தப்ப முடியாது, அது இந்தியாவிலும் முடியாது.

இறந்துபோன எழுத்தாளரின் நூலை எடுத்துப் போடலாமா?

எழுதியவர் வாழ்ந்த காலமும் அதற்குப் பின் 70 ஆண்டும் உரிமை இருக்கும். அந்த 70 ஆவது ஆண்டின் கடைசி நாள்வரை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மறைந்தது 1947 ஜூலை 19. ஆக 2018 ஜனவரி 1 இலிருந்து அவர் எழுதியவை இலங்கையில் எல்லோருக்கும் உரியவை. நீங்கள் அச்சிடலாம், தட்டச்சுச் செய்து போடலாம், குரலில் வாசித்து வெளியிடலாம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

ஆனால் பின்னால் ஒருவர் தொகுத்து, முன்னுரையும் குறிப்பும் எழுதிய பதிப்பு என்றால், அந்த முன்னுரையும் குறிப்பும் அவருடையவை. மூலத்தை மட்டும் எடுங்கள், முடிந்தால் பழைய பதிப்பிலிருந்தே. எழுதியவர் பெயரே இல்லாமல் வந்த நூலுக்கு முதல் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு. சட்டங்கள், வர்த்தமானி அறிவித்தல்கள் போன்ற உத்தியோகபூர்வப் பத்திரங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே பதிப்புரிமை கிடையாது. அவற்றை ஸ்கேன் செய்து போடவும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஒரு நூலகத்தை எனக்குத் தெரியும்.

கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலைப் பொன்விழா மலர், பள்ளிவாசல் சிறப்பிதழ்: இவற்றுக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

கிழக்கில் உண்மையான சிக்கல் இதுதான். வெளிநாட்டுச் சஞ்சிகை பூட்டிக் கிடந்தாலும் உலகத்தில் எங்கோ ஒரு பிரதி பத்திரமாக இருக்கும். 1970களில் ஊரில் அடித்த ஒரு மலர் அப்படியில்லை. எங்கள் ஊர்களின் வரலாறு அதிலேதான் கிடக்கிறது: குளம் கட்டியவர் பெயர், பழைய அதிபர்களின் வரிசை, குடிவழிகள், வேறெங்கும் அச்சேறாத நாட்டார் பாடல்கள். அலுமாரியில் மடித்து வைத்ததன் மடிப்பிலேயே தாள் ஒடிந்துபோகிறது. ஸ்டேப்பிள் கம்பி துருப்பிடித்து நடுப் பக்கம் கழன்று விழுகிறது.

மலர் ஒன்றில் இருபது பேர் எழுதியிருப்பார்கள். மலர்க்குழு கலைந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் கனடாவிலோ லண்டனிலோ. உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்கென்று சில நாடுகள் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. நம் சட்டத்தில் அது இல்லை. அதனால் நடைமுறையில் இப்படிச் செய்யலாம். வெளியிட்ட பாடசாலையிடம் அல்லது பரிபாலன சபையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எழுதியவர்களில் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். முயற்சி செய்ததற்குக் கடிதம், திகதி, யாரிடம் விசாரித்தீர்கள் என்ற பதிவை வையுங்கள். யாராவது ஆட்சேபித்தால் உடனே எடுத்துவிடுவதாகப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இதை எங்களுக்கு முன்பே செய்து காட்டியது 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டம். 2005 இல் தொடங்கி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் இலவசமாக இணையத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. உங்களிடம் ஸ்கேனர் இல்லையென்றால் தனியாக ஒரு தளம் தொடங்கிப் பணத்தையும் உற்சாகத்தையும் கரைக்காமல் அவர்களோடு சேருங்கள். ஊருக்கொரு தளம் தொடங்கி, இரண்டாம் ஆண்டு டொமைன் காசு கட்ட ஆளில்லாமல் மறைந்துபோனதை நிறையப் பார்த்தாயிற்று.

அண்ணாவியாரின் (கூத்துப் பழக்குபவரின்) கூத்தை வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றலாமா? கூத்துக் கொப்பியை ஸ்கேன் செய்யலாமா?

இதில் மூன்று அடுக்கு இருக்கிறது. பரம்பரையாக வந்த கூத்து நாட்டார் கலை வெளிப்பாடு. இலங்கைச் சட்டம் அதற்குத் தனிப் பாதுகாப்புக் கொடுக்கிறது: வியாபார நோக்கத்திலோ அதன் மரபான சூழலுக்கு வெளியிலோ பிரதிசெய்து பரப்புவதைக் கட்டுப்படுத்துகிறது. அடுத்தது ஆடியவர்கள். களரியில் ஆடும் ஒவ்வொருவருக்கும் தன் ஆற்றுகைமீது 50 ஆண்டு உரிமை உண்டு. அவர்களைக் கேட்காமல் பதிவு செய்யவும் முடியாது. மூன்றாவது, கூத்துப் பாட்டும் வசனமும் எழுதிய கொப்பி. அண்ணாவியார் தானே எழுதிய புதிய கூத்து என்றால் அது அவருடைய படைப்பு, சாதாரணப் பதிப்புரிமை. பழைய வடமோடிக் கூத்தைத் தன் கையால் பிரதிபண்ணி வைத்திருக்கிறார் என்றால் கையெழுத்து அவருடையது, கூத்து ஊருடையது.

சட்டத்தைவிட இங்கே முக்கியம் மரியாதை. வயதான அண்ணாவியார் ஒருவரிடம் கேட்கப் போனபோது அவர் சொன்னது: "நம்மட கூத்து ஊரெல்லாம் போகட்டும் மனே. பேரை மட்டும் விட்டிராதீங்க." பேரை விடாமல் இருப்பது என்றால் அண்ணாவியார் பெயர், மத்தளம் அடித்தவர், ஆடியவர்கள், எந்த ஊர்க் களரி, எந்த ஆண்டு, எல்லாமே. வீடியோவின் கீழே 'மட்டக்களப்புக் கூத்து' என்று மட்டும் போட்டுப் பத்தாயிரம் பார்வை வாங்குவது, பூட்டி வைப்பதைவிட மோசம். அதேபோல, கோயில் சடங்கோடு சேர்ந்த பாடல்களில் சிலவற்றை வெளியே விட விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். திறந்த அணுக்கத்துக்கு எவ்வளவு சார்பாகப் பேசினாலும், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நூலகத்திலிருக்கும் அரிய புத்தகத்தைப் பாதுகாப்புக்குப் பிரதி எடுக்க அனுமதி வேண்டுமா?

வேண்டாம். தொலைந்த, அழிந்த, பாவிக்க முடியாமல் போன பிரதிக்குப் பதிலாகவோ, இருப்பதைப் பாதுகாக்கவோ நூலகம் ஒரு பிரதி எடுக்கலாம். கடையில் நியாயமான முறையில் வாங்க முடியாமல் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் சுனாமியையும் கண்ட கரை இது. யாழ்ப்பாணத்தில் 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் அதோடு போயின. இந்தப் பிரிவைப் பயன்படுத்த யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஸ்கேன் செய்ததை வேறோர் ஊரில் இன்னொரு வட்டில் வையுங்கள். கல்முனைப் பிரதியைக் கல்முனையிலேயே வைத்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும்.

எடுத்ததை இணையத்தில் எல்லோருக்கும் விடுவது இன்னொரு செயல். உரிமைக் காலம் முடியாத நூலென்றால் அதற்கு அனுமதி வேண்டும்.

கண் பார்வை இல்லாத வாசகருக்குப் புத்தகத்தை ஒலியாக்கிக் கொடுக்கலாமா?

ஆம். உலகப் பதிப்புரிமை உடன்படிக்கைகளில் வாசகரின் பக்கம் நின்று எழுதப்பட்டது மராக்கேஷ் உடன்படிக்கை. 2013 ஜூனில் நிறைவேறி 2016 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. பார்வையற்றோர் அமைப்புகளும் நூலகங்களும் ஆண்டுக்கணக்காக அலைந்து பெற்றது. இலங்கை 2016 இல் சேர்ந்துகொண்டு, 2022 இல் புலமைச் சொத்துச் சட்டத்தைத் திருத்தியது. பிரெயில், பெரிய எழுத்து, ஒலிநூல் எதுவானாலும், இலாப நோக்கின்றிச் செய்யும் நிறுவனம் எழுத்தாளரைக் கேட்காமல் தயாரித்து உரியவர்களுக்குக் கொடுக்கலாம். அதேபோலச் சட்டமுள்ள நாடுகளோடு பரிமாறவும் செய்யலாம். கை நடுக்கத்தால் புத்தகம் பிடிக்க முடியாதவரும், எழுத்தை வாசிப்பதில் சிரமமுள்ள பிள்ளையும் இதற்குள் அடக்கம். தமிழில் தயாரிக்க ஆள்தான் வேண்டும். குரல் நன்றாக உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்களே!

நூலகம் மின்னூல் வாங்கினால் அது நூலகத்துக்குச் சொந்தம்தானே?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் வாங்குவது உரிமம். காலம் முடிந்தால் புத்தகம் திரையிலிருந்து போய்விடும். சட்டம் அனுமதிக்கும் கொப்பியை ஒப்பந்தம் தடுக்கும் இடமும் இங்கேதான். இதனால்தான் நூலகச் சங்கங்கள், சட்டம் கொடுத்த விலக்கை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்ற வாசகத்தை எல்லா நாட்டிலும் கேட்கின்றன. சிங்கப்பூரின் 2021 சட்டத்திலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பணிப்புரையிலும் சில விலக்குகளுக்கு அந்தக் காப்பு வந்துவிட்டது.

வாங்கிய அச்சு நூலை ஸ்கேன் செய்து, பிரதிக்கு ஒருவர் என்ற கணக்கில் இரவல் கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம் வாதிட்டுப் பார்த்தது. 2023 இல் தோற்றது. 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டிலும் தோற்றது.

இதெல்லாம் எழுத்தாளர் வயிற்றில் அடிப்பதாகாதா?

யார் எழுத்தாளர் என்பதைப் பொறுத்தது. மாதச் சம்பளம் வாங்கும் ஆய்வாளருக்குக் கட்டுரையால் விற்பனைக் காசு வருவதில்லை. வாசிக்கப்படுவதுதான் அவருக்கு வரவு. நம் ஊர்க் கவிஞரின் நிலை வேறு. சேமித்த காசில் சில நூறு பிரதி அடித்து, வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதியை வாங்கும் முதலாளியின் உறையில் பாதி அச்சுச் செலவை மீட்டு, மிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கியிருப்பார். அவரைப் போய் "திறந்த உரிமத்தில் விடுங்கள்" என்று நூலகம் வற்புறுத்தக் கூடாது. இரண்டு பிரதியை விலைக்கு வாங்க வேண்டும். அன்பளிப்பாகக் கேட்பதே நம் நூலகங்களுக்குப் பழகிப்போன நோய். பத்து ஆண்டு போனபின், விற்கிற எண்ணம் விட்டபின், "இப்போது போடலாமா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் கொடுத்துவிடுவார்கள்.

'உங்கள் கட்டுரையை உடனே வெளியிடுகிறோம்' என்று மின்னஞ்சல் வருகிறது. திறந்த அணுக்கமாம். அனுப்பலாமா?

உங்கள் துறையே இல்லாத சஞ்சிகை, ஒரு வாரத்தில் ஏற்பு, முதலில் காசு என்றால் அனுப்பாதீர்கள். திறந்த அணுக்கத்தில் சில சஞ்சிகைகள் எழுதியவரிடம் கட்டணம் வாங்குவது உண்மை. 'நேச்சர்' என்ற விஞ்ஞானச் சஞ்சிகை 2020 இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அந்த வழக்கத்தின் நிழலில்தான் மோசடிச் சஞ்சிகைகள் பிழைக்கின்றன. எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் காசு வாங்காத சஞ்சிகைகளும் நிறைய உள்ளன. டி.ஓ.ஏ.ஜே பட்டியலில் கட்டணம் உண்டா இல்லையா என்று வடிகட்டிப் பார்க்கலாம். வறிய நாட்டு ஆய்வாளருக்குக் கட்டணத் தள்ளுபடி தரும் சஞ்சிகைகளில் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

சை-ஹப்?

பூட்டிய ஆய்வுக் கட்டுரைகளைக் காசில்லாமல் தரும், பதிப்புரிமையை மீறும் தளம். நூலகம் வாசகரை அங்கே அனுப்ப முடியாது. ஆய்வாளர்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பது மேலே சொன்ன பத்தாயிரம் ரூபாக் கணக்கில் இருக்கிறது.

வட்ஸ்அப் குழுவில் வரும் புத்தகப் பிடிஎஃப்களை நூலகக் கணினியில் சேர்த்து வைக்கலாமா?

வேண்டாம். எங்கிருந்து வந்தது, யார் ஸ்கேன் செய்தது என்று தெரியாத ஒன்றை நூலகம் வைத்திருந்தால், அதன் நியாயமான வேலைகளும் சந்தேகத்துக்குள் வரும்.

எங்கள் வாசிகசாலையில் இரண்டு அலுமாரி பழைய புத்தகம். ஸ்கேனர் ஒன்றுதான். எதை முதலில் எடுப்பது?

மேலே சொன்ன 'நூலகம்' திட்டத்தின் தளத்தில் தலைப்பைத் தேடுங்கள். அங்கே இருப்பதை ஒதுக்கி வையுங்கள். மிச்சத்தில் உங்கள் ஊரில் அச்சானவை, உங்கள் ஊரைப் பற்றியவை முதலில். அதிலும் தாள் பொடிகிறவை, பூச்சி அரித்தவை. உரிமைக் காலம் முடிந்தவை என்றால் அன்றே இணையத்துக்கு அனுப்பலாம். முடியாதவற்றை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்திவிட்டு அனுமதிக் கடிதத்தை எழுதத் தொடங்குங்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால் கடிதத்தைத் தபாலில் போடாமல் நேரே கொண்டுபோங்கள். போன இடத்தில் அவரிடம் இன்னும் இரண்டு பழைய இதழ் இருக்கும்.